ஒரு சொட்டுக் கண் திரவமும் வைட்டமின் 'சி'யும்

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் உடனே குடித்துவிட வேண்டும்; கீரையை நறுக்கி வெகுநேரம் வைக்கக் கூடாது; காய்கறியைத் திறந்த பாத்திரத்தில் நெடுநேரம் வேகவிடக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் இப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 'சத்து போய்விடும்' என்பது அவர்கள் கூறும் காரணம். அப்படிப் போகும் சத்துக்களில் முதன்மையானது வைட்டமின் 'சி' ஆகும்.

நெல்லிக்காயிலும் கொய்யாப் பழத்திலும் இந்த வைட்டமின் நிறைந்திருப்பது நமக்குத் தெரியும். நம் கண்ணுக்குள்ளும் இது நிறைந்திருக்கிறது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்தக் கண் திரவத்தில் ஒரு சொட்டை எடுத்து, அதில் எவ்வளவு வைட்டமின் 'சி' உள்ளது என்று அளக்க விரும்பும் விஞ்ஞானிக்கு, நறுக்கிய கீரையை வைத்திருக்கும் அம்மாவின் கவலையே ஏற்படுகிறது. 'அளப்பதற்குள் சத்து போய்விட்டால் என்ன செய்வது?'

இந்தக் கவலை ஏன், அதற்கு வெப்பநிலை எவ்வாறு காரணமாகிறது, விஞ்ஞானிகள் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று காண்போம்.

கண்ணுக்குள் ஒரு நீரோட்டம்

கண்ணின் முன்புறம் கண்ணாடி போன்ற தெளிவான கார்னியா இருக்கிறது. அதற்குப் பின்னால் கருவிழித் திரையும், அதற்கும் பின்னால் விழிலென்ஸும் உள்ளன. கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள இடத்தை ஒரு தெளிந்த திரவம் நிரப்பியிருக்கிறது. இதற்கு முன்கண் திரவம் என்று பெயர். அழும்போது வழிகிறதே, அந்தக் கண்ணீர் வேறு, இது வேறு. முன்கண் திரவம் கண்ணுக்குள்ளேயே சுரந்து, கண்ணுக்குள்ளேயே வடிந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது.

இதன் அளவு மிகக் குறைவு. கார்னியாவின் பின்புறமுள்ள அறையில் சுமார் கால் மில்லிலிட்டர்தான் இருக்கும். அதாவது ஐந்து சொட்டு! நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர் வீதம் புதிய திரவம் சுரப்பதால், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நீர் முழுவதும் போய்ப் புது நீர் வந்துவிடுகிறது.

கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் இரத்தக் குழாய்கள் கிடையாது. இருந்தால் அவை ஒளியை மறைக்குமல்லவா? எனவே அவற்றுக்கு உணவு கொண்டு செல்லும் வேலையில் பெரும்பங்கை இந்தத் திரவமே செய்கிறது. இதைச் சுரப்பது சிலியரி உறுப்பு. அது இரத்தத்திலிருந்து வைட்டமின் 'சி'யைத் தேடிப் பிடித்து இழுத்துத் திரவத்தில் சேர்க்கிறது. நன்றாக உண்பவரின் 100 மி.லி. இரத்த நீரில் சுமார் 1 மி.கி. வைட்டமின் 'சி' இருக்கும். முன்கண் திரவத்திலோ அது ஏறத்தாழ இருபது மடங்கு!

இவ்வளவு எதற்கு? பகலில் நடமாடும் பாலூட்டிகளின் கண் திரவத்தில் இந்த வைட்டமின் மிகுதியாகவும், இரவில் நடமாடுபவற்றில் குறைவாகவும் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் கண்ணுக்குள் உண்டாக்கும் தீங்கைத் தடுக்க இது ஒரு கவசமாகப் பயன்படுகிறது என்ற கருத்துக்கு இது வலிமை சேர்க்கிறது.

தன்னைத் தந்து பிறரைக் காப்பது

வைட்டமின் 'சி'யின் இரசாயனப் பெயர் அஸ்கார்பிக் அமிலம். ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-கியார்கி 1928-இல் இதைப் பிரித்தெடுத்தார். 1937-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆடும் எலியும் தம் உடலிலேயே இதைத் தயாரித்துக்கொள்கின்றன. மனிதனால் அது இயலாது. நாம் உண்டுதான் பெறவேண்டும்.

இதன் சிறப்பு என்ன? இது தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களை எளிதில் பிறருக்குக் கொடுத்துவிடும். ஆக்சிஜனால் பிறக்கும் தீய பொருள்கள் கண்ணின் புரதங்களைத் தாக்க வரும்போது, வைட்டமின் 'சி' இடையில் புகுந்து தன்னைத் தந்து அவற்றைக் காக்கிறது. ஆனால் இந்தக் குணமே அதற்குப் பகையாகவும் அமைகிறது. எளிதில் கொடுப்பவன் எளிதில் இழப்பான். சாதாரணக் காற்றிலுள்ள ஆக்சிஜனிடமும் அது தன்னை இழந்துவிடும்.

இந்த இழப்பு இரண்டு படிகளில் நிகழ்கிறது. முதற்படியில் அஸ்கார்பிக் அமிலம் டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாக மாறுகிறது. இதைத் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். இரண்டாம் படியில் இது நீருடன் வினைபுரிந்து டைகீட்டோகுலோனிக் அமிலமாகிவிடும். அதன்பின் திரும்ப வழியே இல்லை. உடலின் வெப்பநிலையில், அமிலமற்ற திரவத்தில், முதற்படிப் பொருள் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அவ்வளவு விரைவு!

கண்ணில் நிலைப்பது குழாயில் ஏன் கெடுகிறது?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நம் கண்ணும் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது? அதே வெப்பத்தில் கண்ணுக்குள் கெடாத வைட்டமின், கண்ணாடிக் குழாய்க்குள் ஏன் கெடவேண்டும்?

கண்ணுக்குள்ளும் அது கெடாமல் இல்லை. ஆனால் கெடக் கெடக் கண் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. முதற்படியில் மாறிய மூலக்கூறுகளைச் செல்கள் உள்ளே வாங்கி, குளுட்டாதயோன் என்னும் பொருளின் உதவியால் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. சிலியரி உறுப்பு இடைவிடாமல் புதிய வைட்டமினை அனுப்புகிறது. லென்ஸைச் சுற்றிலும் ஆக்சிஜன் மிகவும் குறைவு. வினையை விரைவுபடுத்தும் இரும்பு, செம்பு அயனிகளைச் சில புரதங்கள் கட்டிப்போட்டு வைத்திருக்கின்றன. ஆக, கண் என்பது ஓயாமல் பழுது பார்க்கும் பட்டறை.

குழாய்க்கு வந்த சொட்டுக்கு இந்தப் பட்டறை இல்லை. புதிய வரவும் இல்லை. ஆனால் காற்று மட்டும் தாராளமாக இருக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மி.லி. கொள்ளும் சிறு குழாயில் 0.1 மி.லி. கண் திரவத்தை ஊற்றி மூடுகிறோம். மீதி 0.4 மி.லி. காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் அல்லவா? கணக்கிட்டால், ஒவ்வொரு வைட்டமின் மூலக்கூறுக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்தக் குழாய்க்குள் இருப்பது தெரியவரும். மூடி இறுக்கமாக இருந்தாலும் பயனில்லை. எதிரி உள்ளேயே இருக்கிறான்.

கண் செய்த வேலையை இனி வேறொன்று செய்யவேண்டும். அதுதான் குளிர்.

குளிர் என்ன செய்கிறது?

மூலக்கூறுகள் எப்போதும் அசைந்துகொண்டே இருக்கின்றன. வெப்பம் கூடினால் வேகம் கூடும்; மோதல்கள் வலுக்கும்; வினையும் விரைவாகும். பல இரசாயன வினைகளில், வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று சொல்வதுண்டு. இது ஒரு தோராயமான விதி; ஆனால் பயனுள்ள விதி.

எளாவூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இது புதிதல்ல. பழவேற்காடு ஏரியில் பிடித்த மீனையும் இறாலையும் ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்கித்தான் வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஐஸ் மீனைக் கெடாமல் நிறுத்திவிடுவதில்லை. கெடும் வேகத்தைக் குறைக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது ஒரு கற்பனை. எளாவூருக்கு அருகில் ஒரு மருத்துவமனையில் கண்புரை அறுவை நடப்பதாக வைத்துக்கொள்வோம். நோயாளியின் சம்மதத்தோடு மருத்துவர் 0.1 மி.லி. முன்கண் திரவம், அதாவது இரண்டு சொட்டு, எடுக்கிறார். அதில் உள்ள வைட்டமின் 'சி' ஒரு மில்லிகிராமில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். அதை அளக்கும் ஆய்வுக்கூடம் சென்னையில் இருக்கிறது. தூரம் சுமார் 50 கிலோமீட்டர். மே மாதப் பகல். குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் ரயிலேறினால் என்ன ஆகும்? 34 டிகிரியில் பயணம் செய்யும் அந்தச் சொட்டில் வினை நடக்கும் வேகத்தை, ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் செல்லும் சொட்டின் வேகத்தோடு ஒப்பிடுங்கள். 30 டிகிரி வேறுபாடு; மூன்று முறை இரட்டிப்பு; 2 × 2 × 2 = 8. சட்டைப் பையில் ஒரு மணி நேரத்தில் ஏற்படும் இழப்பு ஐஸ் பெட்டியில் ஏற்பட எட்டு மணி நேரம் ஆகும்.

சாதாரண உறைபெட்டி போதாதா?

'அப்படியானால் உறையவைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே' என்று நீங்கள் நினைக்கலாம். இங்கேதான் இயற்கை ஒரு தந்திரம் செய்கிறது.

உப்பு நீரை மெதுவாக உறையவைத்தால் முதலில் உறைவது தூய நீர். பனிக்கட்டிப் படிகங்கள் உப்பைத் தம்முள் சேர்ப்பதில்லை; வெளியே தள்ளிவிடுகின்றன. கண் திரவமும் அப்படியே. பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில், நம் வீட்டு உறைபெட்டியின் குளிரில், குழாயைப் பார்த்தால் கல்போலக் காணும். ஆனால் படிகங்களுக்கு இடையே உறையாத மிகச் சிறு திரவப் பைகள் ஒளிந்திருக்கும். தள்ளப்பட்ட உப்பு, வைட்டமின், ஆக்சிஜன், உலோக அயனிகள் எல்லாம் அந்தப் பைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கூடுகின்றன. நெருக்கம் கூடினால் சந்திப்பும் கூடுமல்லவா? குளிர் வினையைத் தணிக்கிறது. நெருக்கம் அதைத் தூண்டுகிறது. எனவே அமிலம் சேர்க்காத மாதிரிகள் 20 டிகிரி உறைகுளிரில் நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் வைட்டமினை இழந்துகொண்டே இருக்கின்றன.

ஆகவே ஆய்வுக்கூடங்கள் பூச்சியத்துக்குக் கீழே 70, 80 டிகிரி வரை குளிர்விக்கும் ஆழ் உறைபெட்டிகளைப் பயன்படுத்துகின்றன. அந்தக் குளிரில் மீதியிருக்கும் பைகளும் ஏறக்குறைய அசைவற்றுப் போகின்றன. வழியில் கொண்டுசெல்ல 'உலர் பனி' எனப்படும் திடக் கரியமிலவாயு உதவுகிறது. அதன் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 78.5 டிகிரி. உருக்கி, மீண்டும் உறையவைத்து, மீண்டும் உருக்குவது கூடாது. ஒவ்வொரு முறை உருகும்போதும் வினைக்கு ஒரு புதிய வாய்ப்புக் கிடைத்துவிடும். அதனால் மாதிரியைத் தொடக்கத்திலேயே சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, வேண்டிய பங்கை மட்டும் ஒருமுறை உருக்குகிறார்கள்.

குளிருக்குத் துணையாக அமிலமும் வேண்டும். எலுமிச்சையில் வைட்டமின் 'சி' ஓரளவு நிலைத்திருப்பதற்கு அதன் புளிப்பும் ஒரு காரணம். கண் திரவத்தில் அந்தப் புளிப்பு இல்லை. எனவே மாதிரி எடுத்தவுடன் மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். இது இரும்பு, செம்பு அயனிகளின் குறும்பை அடக்குகிறது; புரதங்களைப் படியச் செய்து விலக்கிவிடுகிறது. இவ்வாறு அமிலமும் 70 டிகிரிக்குக் கீழான உறைகுளிரும் சேர்ந்தால் இரத்த நீரில் உள்ள வைட்டமின் 'சி'யைப் பல ஆண்டுகள்கூடக் காப்பாற்ற முடிகிறது. வெளிச்சம் படாமல் குழாயை மூடிவைப்பதும் அவசியம்.

இவ்வளவு கவனம் எதற்காக?

இது வெறும் ஆய்வுக்கூட நுணுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தாத்தா பாட்டிகளின் கண்களைப் பற்றிய கேள்வி இதில் அடங்கியிருக்கிறது.

விழிலென்ஸ் மங்கி வெளுப்பதே கண்புரை. இந்தியாவில் முதியோர் பார்வை இழப்பதற்கு இது பெரிய காரணம். வைட்டமின் 'சி' குறைவுக்கும் கண்புரைக்கும் தொடர்பு உண்டா என்று அறிய, வடக்கே டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும், தெற்கே புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையும் ஓர் ஆய்வில் ஈடுபட்டன. 60 வயதும் அதற்கு மேலும் ஆன 5,638 பேர் சோதிக்கப்பட்டனர். முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. இரத்தத்தில் வைட்டமின் 'சி' பற்றாக்குறை வடக்கே நூற்றுக்கு 74 பேரிடமும், தெற்கே நூற்றுக்கு 46 பேரிடமும் காணப்பட்டது. வைட்டமின் 'சி' கூடுதலாக இருந்தவர்களிடம் கண்புரை குறைவாகக் காணப்பட்டது.

இந்த எண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் இரத்த நீரில் ஏறத்தாழ 2 மி.கி.க்குக் கீழே போனால் அது 'பற்றாக்குறை'. இவ்வளவு சிறிய எல்லைக்கோட்டில், வழியில் ஏற்படும் சிறு இழப்புகூட நலமாக இருப்பவரைப் பற்றாக்குறை உள்ளவராகக் காட்டிவிடும். ஓர் ஊரின் மாதிரிகள் வெயிலில் கிடந்து, மற்றோர் ஊரின் மாதிரிகள் குளிரில் இருந்தால், மக்களிடையே இல்லாத வேறுபாட்டைக் குழாய்கள் உண்டாக்கிவிடும். கோடையில் எடுத்ததற்கும் குளிர்காலத்தில் எடுத்ததற்கும் இடையிலும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் இந்த ஆய்வில் இரத்த நீரை மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாத்தார்கள். உணவும் பருவத்துக்குப் பருவம் மாறுமாதலால், வடக்கையும் தெற்கையும் ஒப்பிடும்போது பருவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் வைட்டமின் 'சி' மாத்திரை விழுங்கினால் கண்புரை வராதா? அப்படிச் சொல்ல முடியாது. தென்னிந்தியக் கிராமங்களில் 798 பேரிடம் ஐந்தாண்டுகள் நடத்தப்பட்டு, 2006-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வைட்டமின் 'சி'யும் வேறு சில சத்துக்களும் மாத்திரைகளாகக் கொடுக்கப்பட்டன. கண்புரை வளர்வதை அவை தடுக்கவில்லை. இரண்டு பொருள்கள் சேர்ந்து காணப்படுவது ஒன்று; ஒன்றால் மற்றொன்று விளைவது வேறொன்று. கண்புரைக்கு நம்பகமான சிகிச்சை இன்றும் அறுவைதான். ஆனால் காய்கனி உண்பது எவ்வகையிலும் நல்லது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் சுமார் 200 மி.கி. வைட்டமின் 'சி' உண்டு!

நீங்களே செய்து பாருங்கள்

கண் திரவம் இல்லாமலே இந்த உண்மையைப் பள்ளியில் சோதித்துப் பார்க்கலாம். ஆசிரியர் உடனிருக்கச் செய்யுங்கள். அயோடின் கலந்த எதையும் வாயில் வைக்கக் கூடாது. துணியில் பட்டால் கறை படியும்.

தேவையானவை: 500 மி.கி. வைட்டமின் 'சி' மாத்திரை ஒன்று, சமையல் சோடா, வினிகர், தெளிந்த சோற்றுக் கஞ்சி, டிங்க்சர் அயோடின், சொட்டுக்குழாய், பளபளப்பாகத் தேய்த்த செம்புக் கம்பித் துண்டு, ஐந்து கண்ணாடிக் குவளைகள்.

மாத்திரையைப் பொடித்து, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். முதற் குவளையில் 50 மி.லி. ஊற்றி அறையில் வையுங்கள். இது புளிப்புள்ள கரைசல். மீதிக் கரைசலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்துப் புளிப்பைப் போக்குங்கள். இப்போது அது கண் திரவத்தின் தன்மைக்குச் சற்று நெருங்கிவிட்டது. அதை 50 மி.லி. வீதம் நான்கு குவளைகளில் ஊற்றுங்கள். இரண்டாம் குவளை அறையில் நிழலில் இருக்கட்டும். மூன்றாவதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நான்காவதில் செம்புக் கம்பியைப் போட்டு அறையில் வையுங்கள். ஐந்தாவதை உடனே சோதியுங்கள்.

சோதிக்கும் முறை எளிது. குவளையில் ஒரு தேக்கரண்டி வினிகரும் ஒரு தேக்கரண்டி கஞ்சியும் சேர்த்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். வைட்டமின் 'சி' இருக்கும்வரை அது அயோடினை நிறமிழக்கச் செய்யும். தீர்ந்தவுடன் அயோடின் கஞ்சியோடு சேர்ந்து கருநீல நிறம் தோன்றி நிலைக்கும். எத்தனை சொட்டு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மற்ற நான்கு குவளைகளையும் இவ்வாறே சோதியுங்கள். கம்பியை எடுத்துவிட்டுச் சோதிக்க வேண்டும்.

சொட்டு குறைந்தால் வைட்டமின் குறைந்தது என்று பொருள். செம்பு இருந்த குவளை எத்தனை சொட்டு ஏற்றது? குளிரில் இருந்தது எத்தனை? புளிப்போடு இருந்தது எத்தனை? உங்கள் ஊர் நீரைப் பொறுத்து எண்கள் மாறலாம். வாளியில் செம்பழுப்புக் கறை படியவைக்கும் கிணற்று நீரில் இரும்பு மிகுதி. அந்த நீரைக் கொண்டு ஒருமுறையும், காய்ச்சி வடித்த நீரைக் கொண்டு ஒருமுறையும் செய்து ஒப்பிட்டால் இன்னும் பல செய்திகள் விளங்கும். ஒவ்வொரு சோதனையையும் மூன்று முறை செய்து சராசரி காணுங்கள்.

ஓர் அளவுக் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், அது தன்னிடம் வந்துசேர்ந்ததைத்தான் அளக்கும். வழியில் தொலைந்ததை அதனால் அளக்க முடியாது. கண்ணிலிருந்து எடுத்த நொடிமுதல் கருவிக்குள் செல்லும் நொடிவரை அந்தச் சொட்டு எந்தக் குளிரில், எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுதிவைத்திருந்தால்தான், கிடைத்த எண் கண்ணைப் பற்றிய செய்தியா, குழாயைப் பற்றிய செய்தியா என்று நம்மால் சொல்ல முடியும். உங்கள் சோதனைக் குறிப்பேட்டிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நேரத்தையும் வெப்பநிலையையும் எழுத மறவாதீர்கள்.